மூன்று முறை கழுவிய மணல்

குனிந்து உட்கார்ந்து, வலது கை நடுவிரலை மடக்கி, அதன் முட்டியால் தரையை மூன்று தடவை தட்டுகிறார் பஞ்சலிங்கம். காதைச் சாய்த்துக் கேட்கிறார். அரையடி நகர்ந்து மறுபடி மூன்று தட்டு. நியூஜெர்சி எடிசனில் சேனாபதி புது வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று, நாற்பது பேர் கேசரித் தட்டோடு நிற்கிற சமையலறையில், அறுபத்துநான்கு வயது மனிதர் கோட்டும் டையுமாகத் தவழ்ந்துகொண்டிருந்தால் எப்படி இருக்கும்? ஒருவழியாக எழுந்து, முழங்காலைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் சொன்னார்: "இந்த மூலையில காத்து நிக்குது. கீழ பிடிப்பில்லை. ஒரு வருசத்துக்குள்ள கழண்டிடும்."

சேனாபதியின் மனைவி விசாலாக்ஷிக்கு முகம் சிறுத்துப் போயிற்று. "நல்ல நாளும் அதுவுமா இப்டியா பேசுவாங்க?" என்று என்னிடம் பாய்ந்தாள். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவள் நான்தானே, பழியிலும் எனக்குப் பாதி. பத்தாவது மாதம் அந்த மூலையில் தரை ஓடு கழன்றுதான் போயிற்று. அதற்குப் பிறகும் எடிசன் பக்கம் யாரும் அவரைக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுவதில்லை.

எங்கள் கட்டிடம் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடை. அவர் மூன்றாம் மாடி, நான் நான்காம் மாடி. யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை சிமெண்ட் ஆலையில் ரசாயனம் பார்த்தவர். அறுபத்தெட்டாம் வருஷம் மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்து, இங்கேயே தங்கி, நெடுஞ்சாலைப் பாலங்களின் கான்கிரீட்டைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இருபத்துநான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றார். "நான் சீமெந்துக்காரன்" என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். ஊரில் அவர் கட்டிய வீடு தொண்ணூறிலிருந்து ராணுவ வலயத்துக்குள் கிடக்கிறது. கூரை இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. கேட்டால், "நல்ல சீமெந்து போட்டுக் கட்டினது. ஷெல்லுக்கு அது தெரியுமோ?" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி, விரல் நீளத்தில் ஒரு டார்ச். மழைக்காலத்துக்குப் பிறகு சுவரில் பூக்கும் வெள்ளைப் பொடியைக் கண்டுவிட்டால் மனுஷனுக்குக் கை நிற்காது. நகத்தால் சுரண்டி, நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "கடலுப்பு இல்லை, இது வேற உப்பு" என்பார். ரயில் நிலையத்துச் சுரங்கச் சுவரில் இந்த ஆராய்ச்சியை நடத்தி, ஒரு போலீஸ்காரரிடம் பதில் சொல்ல வேண்டியும் வந்தது. "இந்தாளுக்கு நான் வைக்கிற கறியில உப்புக் காணாது போல. சுவரை நக்கித் திரியுறார்" என்பார் அவர் மனைவி மேர்சி ஆன்ட்டி. ஆன்ட்டி நர்ஸ், இன்னமும் வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை இவர் கோயிலுக்கு, அவர் சர்ச்சுக்கு. மத்தியானம் நியூவார்க் அவென்யூவில் ஒரே மேசையில் உட்கார்ந்து தோசை சாப்பிடுவார்கள்.

அவர்கள் வீட்டில் பிள்ளையாரும் இயேசுவும் படுக்கையறையில், ஆளுக்கொரு சுவரில் சமாதானமாக இருக்கிறார்கள். ஹாலில் ஒரே ஒரு புகைப்படம்தான். 1971-ஆம் வருஷக் கோடை. அரைக்கால் சட்டை போட்டு, வெயிலில் கருகி, தலை நிறைய முடியோடு பஞ்சலிங்கம் நிற்கிறார். அவருக்குப் பின்னால், சுவர் போல நிமிர்த்தி வைத்திருப்பது ஒரு தரை. பக்கத்தில் பெரிய மீசையோடு, கையில் வாளியோடு இன்னொருவர்.

தரையை எப்படி நிமிர்த்துவது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மொசைக் என்றதும் மாம்பலம் வீடுகளின் தரையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ரோமானியர்கள் போட்டது. புளியங்கொட்டையைவிடச் சின்னச் சின்னக் கல், வெள்ளை, கறுப்பு, செங்கல் சிவப்பு என்று லட்சக்கணக்கில் பதித்து, மீனும் நண்டும் கணவாயுமாக ஒரு கடலையே தரையில் வரைந்திருக்கிறார்கள். துருக்கியின் தென்கரையில் ஒரு சின்ன ஊரில், ஒரு குளியல் கூடத்தின் தரை. ஆயிரத்து எழுநூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்ததை இந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று தோண்டி எடுத்தது. எடுத்ததைக் காப்பாற்ற, சிமெண்ட் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று பேராசிரியர் தேடினார். மாணவர்களில் சிமெண்ட் ஆலையிலிருந்து வந்தவர் இவர் ஒருவர்தான்.

வழி சொன்னவரும் இவர்தான். தரையின் முகத்தில் துணி ஒட்டி, பதினோரு துண்டாக அறுத்துப் பெயர்த்து, ஒவ்வொன்றின் முதுகிலும் இரும்புக் கம்பி வைத்துக் கான்கிரீட் ஊற்றி, திரும்ப அதே இடத்தில் பதிப்பது. அந்த நாளில் அது புதிய முறை. ஆயிரம் வருஷம் நிற்கும் என்று சொன்னாராம். எல்லோரும் கை தட்டினார்களாம்.

கை தட்டாத ஒரே ஆள் அந்த மீசைக்காரர், ஹலீல். அகழ்விடத்துக்குக் காவல்காரரும் அவரே, கொத்தனாரும் அவரே. இவரை "எஞ்சினியர் ஐயா" என்று துருக்கி மொழியில் கூப்பிடுவாராம். ஒருநாள் எஞ்சினியர் ஐயாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், ஜன்னல் கம்பியைத் தொட்டுக் காட்டினார். துரு பாளம் பாளமாக உதிர்ந்தது. எங்கள் கடல் இரும்பைத் தின்றுவிடும், இரும்பு வேண்டாம் என்றார்.

"நானும் கடற்கரையில பிறந்தவன்தானே பிள்ளை" என்று என்னிடம் சொன்னார் பஞ்சலிங்கம். "எங்கட வீட்டு இரும்புக் கேற் அஞ்சு வருசத்தில இத்துப் போறதை என்ரை கண்ணால பாத்தனான். எண்டாலும் ஹலீல் சொல்லேக்க சிரிச்சனான். சீமெந்துக்குள்ள வைச்சால் இரும்புக்கு ஒண்டும் வராது எண்டு புத்தகத்தில கிடந்தது."

பதின்மூன்று வருஷத்தில் தரை வெடித்தது. உள்ளே இரும்பு துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைப் பிளந்தது. சிமெண்டின் உப்பு ஈரத்தோடு மேலே ஏறிக் காய்ந்து, கல்லை மாவாக்கியது. பல்கலைக்கழகம் ஒரு துண்டை அனுப்பி, காரணம் என்ன என்று இவரிடமே கேட்டது. மூன்று பக்கம் அறிக்கை எழுதினார். அதில் ஒரு வரி: "ஹலீல் மணலைச் சரியாகக் கழுவவில்லை எனத் தோன்றுகிறது."

அது மூன்று முறை கழுவிய மணல். கிணற்றுத் தண்ணீரில் ஹலீல் கழுவக் கழுவ, வடிந்த தண்ணீரை ஒவ்வொரு தடவையும் வாயில் வைத்துப் பார்த்து, உப்பில்லை என்று சொல்லிக் கலக்கவிட்டவர் இதே பஞ்சலிங்கம்.

"அப்புறம் ஏன் அங்கிள் அப்டி எழுதினீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டிருப்பேன்.

"இரும்பு எண்டு எழுதினால், ஆர் வைக்கச் சொன்னது எண்டு கேப்பினம். சீமெந்து எண்டு எழுதினாலும் அதையேதான் கேப்பினம். மணல் எண்டால் என்னை ஒருத்தரும் கேக்கமாட்டினம்" என்றார்.

கேட்கவில்லைதான். ஹலீலுக்குக் காவல் வேலை போயிற்று. அதற்குப் பிறகு ஆரஞ்சுத் தோட்டங்களில் கூலிக்குப் பழம் பறித்தாராம். தொண்ணூற்றாறில், ஓய்வுபெற்ற கையோடு, மேர்சி ஆன்ட்டி வாங்கிக் கொடுத்த ஒரு நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு இவர் அந்த ஊருக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனாராம். ஹலீல் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மனைவி டீ கொடுத்தாள். சட்டையைப் பிரித்துப் பார்த்து, மடித்து வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்" என்று இவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க முடியாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன வருஷம் ஏழு மாதம் சனிக்கிழமை தவறாமல் அவருக்கு டைப் அடித்தவள் நான். என் பிழைப்பு மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை. இடத்தை மிச்சம் பிடிக்க, வருஷத்துக்கு இரண்டு எண் போதும் என்று எழுபதுகளில் யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன புரோகிராம்களை, இரண்டாயிரம் பிறப்பதற்குள் தேடித் திருத்த வேண்டும். இதைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "எழுதினவர் உயிரோட இருக்கிறாரோ?"

"யாருக்குத் தெரியும் அங்கிள்?"

"விசாரிச்சுப் பாரும். இருந்தால், எங்கெங்க பிழை விட்டவர் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

விஷயம் இதுதான். தொண்ணூற்றேழு கோடையில் அதே குளியல் கூடத்தில் இன்னோர் அறையின் ஓரத்தைத் திறந்திருக்கிறார்கள். அங்கேயும் ஒரு தரை. முதல் தரையைவிடப் பெரியது, ஒரு கல் நகரவில்லை. தோண்டும் செலவை ஏற்கிற குடும்பம் ஒன்று, அதைப் பெயர்த்தெடுத்து, விளக்குப் போட்ட கூடத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டது. பழைய ஆட்கள் எல்லோரிடமும் பல்கலைக்கழகம் கருத்துக் கேட்டது. இவரிடம் கேட்டது இரண்டு பக்கம்.

இவருடைய கருத்துக்கு இரண்டு பக்கமே அதிகம். "மூடி விடட்டும். மேல துணி விரிச்சு, கழுவின மணலைப் போட்டு, பழைய மண்ணால நிரப்பி விடட்டும். மண் ஆயிரத்தெழுநூறு வருசம் வைச்சிருந்தது. நாங்கள் இருபத்தேழு வருசம் வைச்சிருக்கேல்லை. எங்களைவிடக் கெட்டிக்காரர் பிறப்பினம், அவையள் திறந்து பாக்கட்டும்."

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கையில் ஒரு பதில் தயாராக இருந்தது. முதல் தரை கெட்டது மணலால்; இப்போது மணலும் இல்லை, சிமெண்டும் இல்லை, விமானத்துக்குச் செய்கிற தேன்கூட்டுப் பலகை வந்திருக்கிறது, புதுப் பசை வந்திருக்கிறது, பயமில்லை என்றார்கள். அந்தப் பழைய ஒரு வரி நிற்கிறவரைக்கும் அவர்கள் சொல்வது சரி. தரையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த வரியை எழுதியவரே அதைப் பொய் என்று சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கீழே இறங்கிப் போவேன். மேர்சி ஆன்ட்டி பிளேன்டீ வைப்பார். பஞ்சலிங்கம் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். ஈரம், உப்பு, கல்லின் வகை எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடும். ஹலீல் வருகிற பத்தி வந்தால் நின்றுவிடுவார். இங்கிலீஷ் காணாமல் போய்விடும். "மணல் கழுவினது. நான் பக்கத்தில நிண்டனான்... இல்லை, அதை விடும்." அடுத்த வாரம், "கழுவப்பட்டதாக நினைவு" என்று போடச் சொல்வார். அதற்கடுத்த வாரம் அதையும் எடுக்கச் சொல்வார். பதினேழு பிரதி ஆயிற்று. வங்கியில் அடுத்தவன் பிழையைத் தேடிக் கண் பூத்து வந்த எனக்குப் பொறுமை போய்விட்டது.

"யாரு கேட்டா அங்கிள் இதை? அந்த மனுஷனே போய்ச் சேர்ந்தாச்சு. மொத்தமா டெலீட் பண்ணிடவா?" என்று கத்திவிட்டேன்.

மேர்சி ஆன்ட்டிதான் அடுப்படியிலிருந்து வந்தார். "டெலீட் பண்ணும் பிள்ளை. இந்தாளுக்கு விசர். இந்த நாட்டில முப்பது வருசம் சீமெந்தை உடைச்சுப் பாத்ததைத் தவிர என்ன செய்தவர்? அந்த ஒரு தரைதான் இவரின்ரை பேர். லக்சனா தன்ரை பிள்ளையளுக்கு அதைத்தான் சொல்லி வளக்கிறாள். அதையும் தானே போய் உடைக்கப் போறாராம்." லக்சனா அவர்கள் மகள், சான் ஹோசேயில் இருக்கிறாள். அவள் பையன் பள்ளிக்கூடத்தில், ரோமானியத் தரையைக் காப்பாற்றிய தாத்தா என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறான். அது ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது.

பஞ்சலிங்கம் எழுந்து போய் ஃபிரிட்ஜ் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, இங்கிலீஷில், நிறுத்தாமல், நான்கு வாக்கியம் சொன்னார்: "மணல் மூன்று முறை கழுவப்பட்டது. நான் நின்று பார்த்தேன். இரும்பும் சிமெண்டும் என் யோசனை. ஹலீல் என்னை எச்சரித்தார், நான் கேட்கவில்லை." பிறகு என்னிடம், "கடைசியில இதையும் போடும்: அண்டைக்கு நானும் புதுசு எண்டுதான் சொன்னனான்."

போட்டேன். பிரின்டரிலிருந்து வந்த தாளை மேர்சி ஆன்ட்டி நின்றபடியே முழுக்கப் படித்தார். வேலைக்குக் கிளம்பும்போது உறையை அவரே எடுத்துக்கொண்டு போய்த் தபாலில் சேர்த்தார். நான் என் வீட்டுக்குப் போய், அப்படிக் கத்தியதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

இந்த பிப்ரவரியில் பதில் வந்தது. மிக மரியாதையான கடிதம். அவருடைய நீண்ட அனுபவத்துக்கு நன்றி. எல்லாக் கருத்தும் பரிசீலிக்கப்பட்டது. புதிய பொருள்கள் பழையவற்றைப் போல் இல்லாததால், இரண்டாம் தரையை இந்தக் கோடையில் பெயர்த்தெடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. படித்துவிட்டுக் கடிதத்தை உறையிலேயே போட்டு வைத்தார். அன்று மாலை ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியில் அவரைப் பார்த்தேன். கடைவீதியில் ஒரு தின்பண்டக் கடை வாசலில், எதையும் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார். "அங்கிள், வீட்டுக்குப் போலாம்" என்றேன். "ஓம்" என்று கூடவே வந்தார்.

ஏப்ரலில் ஒரு பெட்டி வந்தது. எல்லோருடைய கருத்துகளையும் புத்தகமாக அச்சடித்து, இவர் பங்குக்கு இருபது பிரதி அனுப்பியிருந்தார்கள். இவர் குறிப்பும் இருந்தது. ஈரம், உப்பு, கல்லின் வகை எல்லாம் இருந்தது. அந்த நான்கு வாக்கியம் மட்டும் இல்லை. கடைசி வரியும் இல்லை. சட்ட ஆலோசகர்கள் எடுக்கச் சொன்னார்களாம். பின்னிணைப்பாக எண்பத்துநாலாம் வருஷ அறிக்கையை அப்படியே சேர்த்திருந்தார்கள், பக்கம் நாற்பத்தொன்று. "ஹலீல் மணலைச் சரியாகக் கழுவவில்லை எனத் தோன்றுகிறது."

போன் பண்ணுங்கள், லெட்டர் போடுங்கள், விடாதீர்கள் என்று குதித்தேன். அவர் என்னைப் பார்த்து, "பிள்ளை, அழியாத மை உள்ள பேனை இருக்கோ?" என்றார். மேலே ஓடிப் போய் எடுத்து வந்தேன்.

சாப்பாட்டு மேசையில் இருபது புத்தகத்தையும் அடுக்கினார். மேர்சி ஆன்ட்டி வேலை உடுப்போடு எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். திருத்திய பிரதிகளை அனுப்ப, நூலகங்களின் விலாசம் எழுதிய உறைகளை மடியில் வைத்திருந்தார். பஞ்சலிங்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரிக்குக் குனிந்தார். ஹலீல் என்ற பெயரின் மேல் ஒரு கோடு. அதற்கு மேலே, நடுங்காமல், எழுத்தெழுத்தாகத் தன் முழுப் பெயர். வரியின் மிச்சத்தையும் அடித்துவிட்டு, கழுவிய மணல், கேட்காத எச்சரிக்கை, இரும்பு என்று ஓரத்தில் மூன்றே வரி. மை காயும்வரை ஊதினார். பிறகு அந்தப் புத்தகத்தை மூடித் தள்ளி வைத்துவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினார்.